மார்கழியில் கோடை: பனிக்கண்டத்தில் ஒரு நிலையத்தை நடத்துவது

நமக்கு மார்கழி பிறக்கும்போது அண்டார்க்டிகாவில் கோடை உச்சத்தில் இருக்கிறது. கோவை காந்திபுரத்தில் விடியற்காலை டவுன் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொள்ளும் அந்த நாட்களில், தெற்கே 70 பாகைக்கு அப்பால் சூரியன் மறைவதே இல்லை. நவம்பர் பிற்பாதியில் மேலே வந்த சூரியன் ஜனவரி பிற்பாதி வரை தொடுவானத்துக்குக் கீழே இறங்காமல் சுற்றிச் சுற்றி வரும். வெப்பமானி சுழியத்தை ஒட்டி நிற்கும். சில நாள் அதைக் கொஞ்சம் தாண்டவும் செய்யும். இந்தியாவின் மைத்ரி, பாரதி ஆகிய இரண்டு நிலையங்களுக்கும் ஒரு வருஷத்துக்கு வேண்டியவை அத்தனையும் போய்ச் சேருவது இந்தச் சில மாதங்களில்தான்.

பனிக்கண்டத்து ஆராய்ச்சியைப் பற்றித் தமிழில் வருபவற்றில் பெங்குவின் இருக்கும், துருவ ஒளி இருக்கும், ஓசோன் ஓட்டை இருக்கும். நிலையத்தை யார் ஓட்டுகிறார்கள், எதை வைத்து ஓட்டுகிறார்கள் என்பது அநேகமாக இருக்காது. லேத்துப் பட்டறையும் பம்ப்செட்டும் நூல்மில்லும் வளர்த்த ஊரில் இருந்துகொண்டு பார்க்கிற எனக்கு அந்த விடுபடல்தான் முதலில் கண்ணில் படுகிறது. அங்கே அறிவியல் இரண்டாவதாகத்தான் வரமுடியும். வரப்போகும் இருட்டு மாதங்களில் உயிரோடு இருக்கத் தேவையானதைக் கொண்டுபோய் அடுக்குவதுதான் கோடையின் முதல் வேலை. அந்த வேலையை எந்த நிலையம் குறைந்த நாளில், கைதேர்ந்த ஆட்களைக் கொண்டு முடிக்கிறதோ, அங்கேதான் ஆய்வுக்கு நாள் மிஞ்சும்.

இந்தியாவின் முதல் கோடை மிகச் சிறியது. கடலியல் அறிஞர் எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் ‘போலார் சர்க்கிள்’ என்ற வாடகைக் கப்பலில் 1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று பனிக்கரையில் இறங்கினார்கள். தங்கியது ஏறத்தாழ பத்து நாட்கள்தான். அடுத்த ஆண்டு வி. கே. ரெய்னா தலைமையில் இரண்டாவது குழு போனது. 1983 ஆகஸ்டில் அண்டார்க்டிக் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. அடுத்த மாதமே வாக்குரிமை உள்ள ஆலோசனை உறுப்பினர் ஆனது. ஹர்ஷ் குப்தா தலைமையிலான மூன்றாவது பயணத்தில் 81 பேர் போய், ராணுவத்தின் உழைப்போடு எட்டு வாரத்தில் தட்சிண கங்கோத்ரி நிலையத்தைக் கட்டி முடித்தார்கள். 12 பேர் அங்கேயே தங்கி முதல் குளிர்காலத்தைக் கடந்தார்கள். அதே பயணத்தில் அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகளும் சென்றார்கள்.

எட்டு வாரத்தில் ஒரு நிலையம் எழுந்தது பெருமைக்குரியது. ஆனால் அது நின்ற இடம் தரை அல்ல. கடலில் மிதக்கும் பனிப்படுகை. அங்கே விழும் பனி உருகி ஓடுவதில்லை, மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். ஆறு வருஷத்தில் கட்டடம் பனிக்குள் புதைந்து, 1990 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதற்குள் பாடம் கற்றாகிவிட்டது. 1989-இல் எழுந்த மைத்ரி, கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே, ஷிர்மாக்கர் பாலைச்சோலை என்னும் பனியில்லாப் பாறைப் பகுதியில் கால்களின் மேல் நிற்கிறது. காற்று அடித்து வரும் பனி கட்டடத்தில் மோதிக் குவியாமல் கீழே புகுந்து போய்விடும். 2012 மார்ச்சில் திறந்த பாரதி, மைத்ரிக்குக் கிழக்கே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டரில், லார்ஸ்மன் குன்றுகளில் கடலோரமாகவே இருக்கிறது. 134 கப்பல் கன்டெய்னர்களை அடுக்கி, அவற்றுக்கு ஒரே மேலுறை போர்த்திய கட்டடம் அது. வேண்டாம் என்றால் பிரித்து ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் இத்தனை தூரம் என்பதுதான் ஒவ்வொரு கோடைத் திட்டத்தின் தலைவலி. வழக்கமாக ஒரே வாடகைக் கப்பல் இரண்டுக்கும் சரக்குக் கொண்டுபோகிறது. கோவா வாஸ்கோவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் இதை எல்லாம் நடத்துகிறது. சரக்குகள் சேர்ந்ததும், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வழியாக, 40, 50 பாகைகளின் பெருங்காற்றுக் கடலைத் தாண்டி, பிறகு மிதக்கும் பனியைப் பிளந்துகொண்டு கப்பல் போகவேண்டும். கடற்பனி எந்த வருஷம் எப்போது விலகும் என்பது கப்பல் தலைவரின் கையில் இல்லை. பனி பத்து நாள் தாமதமாக விலகினால், அந்தப் பத்து நாளும் விஞ்ஞானிகளின் நாட்குறிப்பிலிருந்துதான் கழியும்.

ஆட்கள் போவதற்கு இப்போது விமானம் இருக்கிறது. இந்தியா உட்பட 11 நாடுகள் சேர்ந்து நடத்தும் வான்வழி ஏற்பாட்டில், கேப் டவுனிலிருந்து ரஷ்யாவின் இல்யூஷின் 76 சரக்கு விமானம் கிளம்பி, ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் ரஷ்ய நிலையமான நோவோலாசரெவ்ஸ்கயாவின் பனி ஓடுதளத்தில் இறங்குகிறது. மைத்ரிக்கு அது பக்கத்து வீடு. அங்கிருந்து பனிச்சறுக்குக் கால் பொருத்திய சிறு விமானங்கள் மற்ற நிலையங்களுக்குப் போகின்றன. இதனால் நவம்பரிலேயே முதல் குழு போய்விட முடிகிறது. கொரோனா ஆண்டில் இந்த வழி தடுமாறியபோது, 40-வது பயணக் குழு 2021 ஜனவரி 5 அன்று கோவாவிலிருந்து கப்பலிலேயே கிளம்பியது. ஆட்கள் வானில் போகலாம். எண்ணெயும் இரும்பும் அரிசியும் கடலில்தான் போகும். ஆகவே கோடையின் அச்சாணி இன்றைக்கும் கப்பல்தான்.

மைத்ரிக்கான சரக்கு இறங்கும் இடத்தில் துறைமுகம் கிடையாது. பனிப்படுகையின் விளிம்பு ஒரு மதில்போல் கடலில் முடியும். கப்பல் அந்த மதிலை ஒட்டி நிற்க, கிரேன் சரக்கைத் தூக்கிப் பனியின்மேல் வைக்கும். பிறகு பிஸ்டன்புல்லி என்ற சங்கிலிச் சக்கர வண்டிகள், எண்ணெய்த் தொட்டியும் பெட்டிகளும் ஏற்றிய சறுக்கு வண்டிகளை இழுத்துக்கொண்டு வரிசையாக உள்ளே போகும். வழியில் பனிப் பிளவுகள் உண்டு. மேலே மெல்லிய பனி மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கோடை முற்றியதும் மேற்பரப்பு இளகி வண்டி புதையும். அதனால் வெயில் தாழ்ந்து குளிர் ஏறும் நேரம் பார்த்து வண்டிகளை விடுவது வழக்கம். இடைவழியில் ஒரு வண்டியின் ஹைட்ராலிக் குழாய் வெடித்தால், உறையும் காற்றில் கையுறையைக் கழற்றிவிட்டு அதை மாற்றத் தெரிந்த ஒரு மெக்கானிக் அந்த வரிசையில் இருந்தாக வேண்டும். அவர் இல்லையென்றால் மொத்த வரிசையும் நிற்கும். நிலையத்தில் நில அதிர்வுமானியைப் படிக்கத் தெரிந்தவர் எவ்வளவு முக்கியமோ, இவரும் அவ்வளவு முக்கியம். இவரைப் பற்றி எழுத மட்டும் ஆள் இல்லை.

எரிபொருள்தான் சரக்கில் பெரும்பங்கு. சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் கட்டிவிடும் என்பதால் விமானங்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் வகையே அங்கே போகிறது. வெளிச்சம், சூடு, சமையல், செய்தித்தொடர்பு, வண்டிகள் எல்லாமே அதில்தான் ஓடுகின்றன. பாரதியில் மின்சாரம் தயாராகும்போது என்ஜினில் வெளியாகும் வெப்பத்தையும் பிடித்துக் கட்டடத்தைச் சூடாக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெயிலிருந்து இரண்டு வேலை. கோடையில் ஜெனரேட்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். பேரிங், கேஸ்கெட், ஃபில்டர், பெல்ட் எது தேய்ந்திருந்தாலும் கப்பல் நிற்கும்போதே கணக்கெடுத்து மாற்றிவிட வேண்டும். மார்ச்சில் கப்பல் திரும்பிய பிறகு ஒரு ஆயில் சீல் போனால், ஸ்டோரில் இருப்பதுதான் இருப்பு.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு நிலையங்களும் இரண்டு வழியில் போகின்றன. மைத்ரிக்கு முன்னால் பிரியதர்ஷினி ஏரி இருக்கிறது, நல்ல தண்ணீர். பம்ப் வைத்து எடுக்கிறார்கள். ஷிர்மாக்கர் பகுதியில் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் உண்டு. பாரதி கடலோரத்தில் இருப்பதால் கடல்நீரை உப்பு நீக்கிக் குடிக்கிறார்கள். எப்படி எடுத்தாலும் சிக்கல் ஒன்றே: குழாயில் தண்ணீர் நின்றால் உறையும், உறைந்தால் விரியும், விரிந்தால் குழாய் பிளக்கும். கோவை வட்டாரத்தில் கிணற்று மோட்டார் மாட்டிப் பழகியவர்களுக்கு ஃபுட் வால்வில் காற்றுப் புகுவதுதான் பயம். அங்கே கரண்ட் போன கொஞ்ச நேரத்துக்குள் குழாயைக் காலி செய்வதா, சூடாக்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறியாளர்கள் இந்தப் பிரியதர்ஷினி ஏரியில் 2015 கோடையில் ஒரு காரியம் செய்தார்கள். துருவ நீருக்கென்றே தாங்கள் வடிவமைத்த தொலைவியக்க நீர்மூழ்கி வண்டியை இந்த ஏரிக்குள் இறக்கி, அடியில் இருப்பதைப் படம் எடுத்தார்கள். நாம் கொண்டாடியிருக்க வேண்டிய செய்தி அது.

சாப்பாட்டுச் சரக்கில் நம் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும் ஒரு விதி உண்டு. 1991-இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் ஒப்பந்தம், அண்டார்க்டிகாவுக்குப் போகும் உரித்த கோழியை ஏற்றுவதற்கு முன்பே நோய்க்கு ஆய்வு செய்யச் சொல்கிறது. பெயர் சொல்லிக் குறிப்பிடும் நோய்களில் ஒன்று, பல்லடம், உடுமலைப் பண்ணைக்காரர்கள் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய். சாப்பிட்டது போக மிஞ்சும் கோழியைத் திருப்பி எடுத்துவர வேண்டும், அல்லது எரித்துவிட வேண்டும். ஓர் எலும்பைக்கூட வெளியே எறியக்கூடாது. ஸ்குவா பறவை கொத்திக்கொண்டு போனால் அந்தக் கண்டத்துப் பறவைக் கூட்டத்துக்கே நோய் பரவலாம் என்பதுதான் காரணம். இது வெறும் எச்சரிக்கை அல்ல என்பது இப்போது தெரிந்துவிட்டது. 2023 அக்டோபரில் பறவைக் காய்ச்சல் தென் ஜார்ஜியத் தீவுப் பறவைகளில் தென்பட்டு, 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகாவின் பெருநிலத்திலேயே உறுதியானது. வலசை வரும் காட்டுப் பறவைகள் வழியாக வந்ததாகவே கருதப்படுகிறது. ஆனாலும் இனி ஒவ்வொரு கோடையிலும் செத்துக் கிடக்கும் பறவையை யார் தொடுவது, எப்படி மாதிரி எடுப்பது என்பது நிலைய நடத்தையின் ஒரு பகுதி. இதில் ஆனைகட்டியில் இருக்கும் சலீம் அலி பறவையியல் மையத்தின் அனுபவத்துக்கும், கோழிப் பண்ணைகளில் நோய் பார்த்துப் பழகிய நம் கால்நடை மருத்துவர்களின் அனுபவத்துக்கும் இடம் உண்டு என்று நினைக்கிறேன்.

அதே ஒப்பந்தம் கிருமி நீக்காத மண்ணையும் பூச்சிமருந்தையும் தடுக்கிறது. பெட்டிகளில் திணித்து அனுப்பும் தெர்மகோல் மணிகளையும் தடுக்கிறது. காற்று அவற்றைப் பறக்கடித்தால் திரும்பப் பொறுக்க முடியாது. ஸ்லெட்ஜ் இழுத்த நாய்கள்கூட 1994-க்குள் வெளியேற்றப்பட்டன. குப்பை வகை வகையாகப் பிரிந்து, பீப்பாய்களில் அடைந்து, வந்த கப்பலிலேயே திரும்புகிறது. இந்தியா 2022-இல் அண்டார்க்டிகாவுக்கென்றே தனிச்சட்டம் இயற்றியதால் இதெல்லாம் இப்போது நாட்டின் சட்டமும் ஆகிவிட்டது. பாரதி இருக்கும் லார்ஸ்மன் குன்றுகளில் சீனா, ரஷ்யா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் நிலையங்களும் இருப்பதால் அந்த வட்டாரத்தை எல்லாரும் சேர்ந்து சிறப்பு மேலாண்மைப் பகுதியாகப் பார்த்துக்கொள்கிறார்கள். நம் வீட்டுச் சாக்கடையை அடுத்த வீட்டுக்குத் தள்ளும் வசதி அங்கே இல்லை. பழைய நிலையமான மைத்ரிக்கு இந்தக் கண்டிப்பு கூடுதல் பாரம். கழிவுநீர் பற்றி உலகம் இவ்வளவு கறாராக யோசிக்காத காலத்தில் எழுந்த கட்டடம் அது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் பனிப் பிளவு, பனிப்புயல் என்றுதான் சொல்வோம். இந்தியப் பயணங்களின் மிகப் பெரிய துயரம் வேறு மாதிரி வந்தது. 1990 ஜனவரியில், ஒன்பதாவது பயணத்தின்போது, மலைப்பகுதியில் முகாமிட்டிருந்த நான்கு பேர் கூடாரத்துக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து இறந்துபோனார்கள். கோடை நடுவில், வெளிச்சத்தில், தங்கள் படுக்கையில். அந்த வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. குளிருக்குப் பயந்து கூடாரத்தின் வாயை இறுக்கிக் கட்டினாலோ, காற்றுத் துளையைப் பனி மூடினாலோ, உள்ளே எரியும் எதுவும் போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரிந்து அதைக் கக்கும். முதலில் தலைவலி, பிறகு தூக்கம். அதனால் ஆய்வு முகாமுக்குக் கிளம்புமுன் ஒவ்வொருவருக்கும் கற்பிக்க வேண்டிய முதல் விஷயம் கருவி அல்ல, காற்றோட்டம். அந்த நான்கு பேரையும் நினைக்காமல் இந்தியாவின் அண்டார்க்டிகா வரலாற்றை யாரும் எழுதக்கூடாது.

போகிறவர்களுக்குத் தில்லி எய்ம்ஸில் கடுமையான மருத்துவச் சோதனை நடக்கிறது. மனநிலையையும் பார்க்கிறார்கள். பிறகு உத்தராகண்டின் ஆலியில் இந்தோ-திபெத் எல்லைப் படையினர் பனியில் நடக்க, கயிறு பிடிக்க, விழுந்தவரைத் தூக்கப் பழக்குகிறார்கள். ஏன் இவ்வளவு கறார்? மைத்ரியின் அண்டை நிலையமான நோவோலாசரெவ்ஸ்கயாவின் கதையே பதில். 1961 ஏப்ரல் 30 அன்று அந்த நிலையத்தின் ஒரே மருத்துவர் லியோனித் ரோகசோவுக்குக் குடல்வால் அழற்சி. குளிர்காலம் இறங்கியாகிவிட்டது, விமானம் வராது. பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணாடி பிடிக்க, தன் வயிற்றைத் தானே கீறி அறுவை செய்து பிழைத்தார். கோடையில் என்றால் விமானம் இருக்கிறது, ஹெலிகாப்டர் இருக்கிறது. உடம்பில் ஒளிந்திருக்கும் எதையும் கோடை முடிவதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும். தங்கப் போகிறவரின் பல்வலி உட்பட.

தூக்கம் கோடையின் தனிப் பிரச்சினை. வெளியே நடுராத்திரியிலும் பட்டப்பகல் வெளிச்சம். கப்பல் நிற்கும் நாட்களை வீணாக்கக் கூடாது என்று எல்லாரும் ஷிஃப்ட் கணக்கில்லாமல் உழைப்பார்கள். நூல்மில்லில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும், பகலில் தூங்க வேண்டியவன் தூங்காவிட்டால் மூன்றாம் நாள் கை தடுமாறும். கிரேன் ஓட்டுகிறவரின் கை தடுமாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல நிலையத் தலைவர் என்பவர் அந்த நேரத்தில் ஆட்களை வேலைக்கு அனுப்புவதைவிட, படுக்க அனுப்புவதில் கண்டிப்பானவர்.

இதற்கு நடுவில்தான் ஆய்வு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தட்சிண கங்கோத்ரிப் பனியாற்றின் முனை எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று கோடைதோறும் அளக்கிறது. வானிலைத் துறை பலூன் விட்டு ஓசோனை அளக்கிறது. புவிக்காந்தவியல் நிறுவனம் காந்தப்புல மாற்றங்களைப் பதிகிறது. பாரதியில் இருக்கும் தரை நிலையம் இந்தியச் செயற்கைக்கோள்கள் துருவத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் தரவை வாங்கி நாட்டுக்கு அனுப்புகிறது. அங்கேதான் ஹைதராபாத்திலிருந்து போன இஸ்ரோ விஞ்ஞானி மங்களா மணி, 56 வயதில், 23 பேர் குழுவில் ஒரே பெண்ணாக 403 நாட்கள் இருந்துவிட்டு வந்தார். அதற்கு முன் அவர் பனி விழுந்தே பார்த்ததில்லை.

எட்ட இருக்கும் பாறைக்கோ ஏரிக்கோ போக வேண்டுமானால் ஹெலிகாப்டர் வேண்டும். சரக்கு இறக்கவும் அதே ஹெலிகாப்டர் வேண்டும். வானம் தெளிந்த ஒரு நாள் வந்தால் அது எண்ணெய்க்கா, பாறை மாதிரிக்கா என்ற கேள்வி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. பதில் பெரும்பாலும் எண்ணெய்க்குத்தான், அது சரியும்கூட. மாதிரி எடுக்காமல் திரும்புகிற ஆராய்ச்சி மாணவருக்கு அது ஒரு வருஷ இழப்பு. எண்ணெய் போதாமல் போனால் இருபதுக்கும் மேற்பட்டவர்களின் குளிர்காலம் ஆபத்தில். ஆனாலும் இந்தப் போட்டியைக் குறைக்க முடியாதா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

குறைக்க முடியும் என்பதற்கு உதாரணம் இந்தியாவிடமே இருக்கிறது, பூமியின் மறுமுனையில். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் நீ-ஓலசுண்ட் என்ற சிறு ஆய்வுக் குடியிருப்பில், 2008 ஜூலை 1 அன்று திறந்த ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது. அங்கே மின்சாரம், தண்ணீர், சாப்பாடு, படகு அனைத்தையும் நார்வே அரசின் ஒரு நிறுவனம் பல நாடுகளுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. இந்தியர்கள் போய்க் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும். 2014 ஜூலையில் பள்ளிக்கரணைப் பொறியாளர்கள் அருகிலிருந்த காங்ஸ்ஃபியோர்டு கடல்நுழைவில் இண்டார்க் என்ற கடலடிக் கருவித் தொடரை 192 மீட்டர் ஆழத்தில் நிறுத்தியது இப்படித்தான். எட்டுப் பேர் தங்கக்கூடிய வீடு அது. 2023 டிசம்பரிலிருந்து அங்கே குளிர்காலப் பணியும் தொடங்கிவிட்டது. அண்டார்க்டிகாவில் அப்படி ஒரு பொதுச் சமையலறையும் பொது மின்நிலையமும் வைக்க நாடுகள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் ஒவ்வொரு கொடியும் தனி ஜெனரேட்டர் ஓட்டுகிறது. விமான ஏற்பாட்டில் 11 நாடுகள் சேர முடிந்தது என்றால், எரிபொருளிலும் கழிவிலும் ஏன் சேரக்கூடாது என்பது நியாயமான கேள்வி. 2024 மே மாதம் கொச்சியில் உடன்படிக்கை நாடுகள் கூடின. கூட்டத்தை நடத்திய நாடு என்ற முறையில் இந்தக் கேள்வியை எழுப்ப இந்தியாவுக்கு அருகதை உண்டு.

இன்னொரு வழி பிரிட்டன் காட்டியது. சறுக்குக் கால்களில் நிற்கும் அவர்களுடைய ஹேலி நிலையத்தை, பனிப்படுகையில் பிளவு நெருங்கியதால் 2016-17 கோடையில் 23 கிலோமீட்டர் உள்ளே இழுத்துப் போனார்கள். ஓசோன் ஓட்டையை 1985-இல் உலகுக்குச் சொன்ன தரவு அந்தப் பெயர் கொண்ட நிலையத்தில் எடுத்ததுதான். பாதுகாப்புக் கருதி 2017 முதல் குளிர்காலத்தில் அங்கே ஆளே இல்லை. ஒரு சிறு டர்பைன் தானாக ஓடி கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்க, அளவீடு தொடர்கிறது. கோடையில் மட்டும் ஆட்கள் போய்ப் பழுது பார்த்துத் திரும்புகிறார்கள். நாமும் அப்படியே செய்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். பாரதியின் செயற்கைக்கோள் தரைநிலையத்துக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். அவசரத்துக்கு உதவும் அண்டை வீட்டுக்காரராக இருப்பதும் அங்கே ஒரு கடமை. ஆனால் குளிர்காலத்தில் தங்கும் ஒவ்வொருவருக்கும் கோடையில் எத்தனை பீப்பாய் எண்ணெய் இறங்க வேண்டியிருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டால், தானாக ஓடக்கூடியதைத் தானாக ஓடவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

காற்றாலை பற்றியும் சொல்ல வேண்டும்; பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி பல்லடம், உடுமலைப் பக்கம் இறக்கைகள் நட்டு வைத்திருப்பவர்கள் நாம். பெல்ஜியத்தின் பிரின்சஸ் எலிசபெத் நிலையம் 2009 முதல் ஒன்பது காற்றாலைகளாலும் சூரியத் தகடுகளாலும் ஓடுகிறது. அது கோடை நிலையம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆள் அதிகம் இருக்கும் பருவமும் வெயில் ஓயாத பருவமும் அங்கே ஒன்றாகவே வருகின்றன, ஆகவே சூரியத் தகடு நன்றாகப் பொருந்துகிறது. ஆஸ்திரேலியாவின் மாசன் நிலையத்தில் 2003-இல் காற்றாலை நட்டார்கள். எரிபொருள் கணிசமாக மிச்சமானது. ஆனால் 2017 நவம்பரில் ஒரு கோபுரத்தின் தலைப்பகுதி கழன்று விழுந்தது. இரும்பு குளிரில் நொறுங்கும் தன்மை பெறும், மசகு கெட்டியாகும், கியரில் பளு ஏறும். நம் ஊர்க் காற்றாலைப் பராமரிப்புக்காரர்கள் கோபுரம் ஏறி கியர்பாக்ஸின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்பவர்கள். அவர்களுடைய அறிவு பனிக்கு அப்படியே போகாது. ஆனால் அங்கே கேட்கவேண்டிய கேள்விகளை அவர்களால் சரியாகக் கேட்க முடியும்.

மைத்ரிக்கு வயது 35-ஐத் தாண்டிவிட்டது. அதன் இடத்தில் மைத்ரி 2 கட்டுவதாக அரசு முடிவெடுத்து, இந்தப் பத்தாண்டின் இறுதியை இலக்காக வைத்திருக்கிறது. துருவக் கடலுக்கென்று சொந்தக் கப்பல் கட்ட, கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல்தளம் நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத்தோடு 2025 ஜூனில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. இரண்டுமே தாமதமாக வந்தவை, ஆனாலும் வரவேற்க வேண்டியவை. சொந்தக் கப்பல் இருந்தால் பனி விலகக் காத்திருக்கும் நாட்களில் கடலாய்வு செய்யலாம். வாடகைக் கப்பலில் அந்த நாட்கள் கட்டணமாகவே கரைந்துபோகின்றன. மைத்ரி 2-ஐ வரைபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஆய்வுக்கூடத்தை வரைவதற்கு முன் பணிமனையை வரையுங்கள். வண்டியை உள்ளே நிறுத்தி, கதவைச் சாத்தி, சூட்டில் நின்று பழுதுபார்க்க இடம் இருந்தால், மெக்கானிக்கின் ஒரு மணி நேர வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். வெளியே காற்றில் என்றால் அரைநாள்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. கோவா மையம் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கிறது: வண்டி மெக்கானிக், ஜெனரேட்டர் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், பாய்லர் இயக்குபவர், வெல்டர், தச்சர், கிரேன் ஓட்டுநர், சமையல்காரர், ஆண் செவிலியர், ஸ்டோர் கணக்கர். சிலருக்குக் கோடை மட்டும். சிலருக்குக் கோடையிலிருந்து அடுத்த கோடை வரை ஒரு வருஷத்துக்கு மேல். ஐடிஐ படிப்பும் கைவேலை அனுபவமும்தான் பல இடங்களுக்குத் தகுதி. அறிவிப்பு மையத்தின் இணையதளத்தில் வருகிறது. மருத்துவச் சோதனை கடுமையாக இருக்கும். பல்லையும் ரத்த அழுத்தத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. கோவையில் கணபதியிலும் பீளமேட்டிலும் மோட்டார் ரீவைண்டிங் பழகி, டீசல் என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய பையன்களுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. அண்டார்க்டிகா என்றால் முனைவர் பட்டம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நமது அரசு ஐடிஐ, பாலிடெக்னிக், ஜிசிடி, பிஎஸ்ஜி, சிஐடி பொறியியல் கல்லூரிகள் ஆகியவற்றில் பாடம் எடுப்பவர்கள் வகுப்பில் இதை ஒருமுறை சொன்னால்கூடப் போதும்.

கல்லூரிகள் இன்னும் ஒரு படி போகலாம். உறையாத குழாய், குளிரில் இயங்கும் பம்ப், கழிவைக் குறைக்கும் அடுப்பு, எரிபொருளை மிச்சப்படுத்தும் வெப்ப மீட்பு — இவையெல்லாம் இறுதியாண்டு மாணவர்கள் எடுத்துச் செய்யத்தக்க உண்மையான சிக்கல்கள். மாதிரியைச் சோதிக்கக் குளிர்பதனக் கிடங்கு கோவையிலேயே கிடைக்கும். சுழியத்துக்குக் கீழே 20 பாகையில் இரண்டு வாரம் ஓடவிட்டுப் பார்க்கலாம். எது நிற்கிறது, எது உடைகிறது என்ற குறிப்பை மைத்ரி 2 வரைபடம் இறுதியாவதற்குள் கோவாவுக்கு அனுப்பினால் அது பயன்படும். அதற்குப் பிறகு அனுப்பினால், கட்டி முடித்த சுவரில் துளை போட வேண்டியிருக்கும்.